சனிக்கிழமை இல்லாத அட்டவணை

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணினியில் போட்டு அச்சடித்த ஒற்றைத் தாள். மேலே என் கணவரின் பெயர், அதன்கீழ் வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு பத்திகள், ஒவ்வொரு பத்தியிலும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்த கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பிள்ளைகளின் பெயர். பெண்களுக்கு ஒரு நிறம், பையன்களுக்கு ஒரு நிறம், கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பெயர் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். யார் பார்த்தாலும் படு ஒழுங்கான வேலை என்றுதான் சொல்வார்கள். அதை என் கையில் கொடுத்தபோது நானும் பார்த்தேன். மருந்துக் கம்பெனியில் இருபது வருடமாக, ஆவணங்களில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு நாள் உண்டு என்பது என் கண்ணிலும் படவில்லை.

தாளைத் தயாரித்தவளை நாங்கள் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடுவோம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளியிருந்த யூதக் குடும்பத்தின் மூத்த பெண். அவர்கள் கோயிலைச் சேர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளின் சங்கத்துக்கு அவள் தலைவி. அந்தப் பட்டத்தை வைத்தது என் கணவர். "என்ன பிரசிடெண்ட், ஆட்சி எப்படிப் போயிட்டிருக்கு?" என்று புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவளும் சிரிக்காமல், இந்த மாதம் எத்தனை குளிர்கோட்டு சேர்ந்தது, எந்த முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறார்கள், யார் யார் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்று முழு அறிக்கை கொடுப்பாள். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அது ஏனோ எங்கள் வீட்டுத் தமிழிலேயே தங்கிவிட்டது. அப்படியேதான் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டுச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும்வரை அவர்கள் கார் எடுப்பதில்லை, ஃபோனைத் தொடுவதில்லை, எழுதுவதில்லை, விளக்கு சுவிட்சைக்கூடத் தட்டுவதில்லை. அடுத்தவரிடம் "எனக்காக இதைச் செய்து கொடு" என்று கேட்கவும் கூடாது. நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் கோடையில் ஒரு வெள்ளி மாலை, அப்போது பன்னிரண்டு வயதிருக்கும், அவள் வந்து வாசலில் நின்றாள். "அங்கிள், எங்க வீட்டுல ரொம்ப சூடா இருக்கு" என்றாள். "அடடா, ஏசி ரிப்பேரா?" என்று இவர் ஒரு மெக்கானிக்கின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அவள் நகரவில்லை. "ஏசி நல்லாத்தான் இருக்கு. ஆஃப்ல இருக்கு" என்றாள். மறுபடியும் நின்றாள். இவருக்கு விஷயம் புரிய ஐந்து நிமிஷம் ஆனது. போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, "வாயத் திறந்து கேக்க மாட்டாங்களாம், நிலவரத்த மட்டும் சொல்வாங்களாம். நம்ம ஊர் மாமியாருங்க மாதிரி இல்ல இருக்கு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அவளைப் பிடிக்காது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அதுதான் உண்மை. ஒருமுறை உணவு சேகரிப்புக்கென்று கையில் அட்டையும் பேனாவுமாக வந்தாள். அலமாரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு டின்களை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை அழைப்பு மணி அடித்தது. தேங்காய்ப்பால் டின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆன்ட்டி, இது எக்ஸ்பைர் ஆயிடுச்சு. சாப்பாட்டுக்கு வர்றவங்களுக்கு நாமளே சாப்பிடாதத குடுக்கக் கூடாது." மருந்து டப்பாக்களில் காலாவதித் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்! மானமே போய்விட்டது. இவர் இரண்டு நாள் விடாமல் சிரித்தார். எங்கள் தமிழ் வட்டாரத்தில் பிள்ளைகள் செய்கிற தொண்டெல்லாம் கல்லூரி விண்ணப்பத்துக்காகத்தான். இத்தனை மணி நேரம் சேவை செய்தான் என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தருவோம். இவளும் அந்த ரகம், கொஞ்சம் வாய் அதிகம் என்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன். உணவு மூட்டை கட்டும் இடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை அவள் விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குட்டிப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை என் கணவர் ஜெர்சி சிட்டியில் ரயிலைவிட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் சில அடி நடந்து, விழுந்து, இறந்துபோனார். வயது ஐம்பத்து நான்கு. ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. முந்தின இரவு தோளில் வலி என்றார். "பையத் தூக்கித் தூக்கித்தான் வலிக்குது, பேக்பேக் வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன். காலை எட்டே காலுக்கு நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் கட் பண்ணினேன். "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று ஃபோனே ஒரு செய்தி அனுப்புமே, அதைத் தட்டிவிட்டுத் திரையில் ஓடிக்கொண்டிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குத் திரும்பக் கூப்பிட்டபோது ஒரு போலீஸ்காரர் எடுத்தார். அந்த அழைப்பைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் "கடைசியா உங்ககிட்ட பேசினாரா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய்யில்லை, பேசவில்லைதானே.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகையைப் பற்றிச் சொல்கிறவர்கள் அது பொங்கும், தொண்டையை அடைக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்குள் எதுவும் அடைக்கவில்லை. வீடு முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். வாசலில் செருப்பும் பனிக்காலணியும் குவிந்து கிடந்தன. யாரோ அலுமினியத் தட்டுகளில் தயிர்சாதம் கொண்டுவந்தார்கள், யாரோ காப்பி போட்டார்கள், யாரோ என் ஃபோனை எடுத்து அதற்கு சார்ஜ் போட்டார்கள். "எப்படி ஆச்சு?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், நானும் சொன்னேன். நாலைந்து தடவை சொன்ன பிறகு அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் கோர்வையாக வர ஆரம்பித்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய தம்பி சேலத்திலிருந்து அவசர விசா வாங்கி வர ஞாயிறு ஆகிவிடும், திங்கள்கிழமைதான் தகனம் என்று நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். அதுவரை அவரை ஃப்யூனரல் ஹோமில், குளிர் அறையில் வைத்திருப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். ஊரிலென்றால் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றி, எடுக்கும்வரை சுற்றி ஆள் இருக்கும். இங்கே பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று சாயங்காலம் பிரசிடெண்ட் வந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. என்றைக்கும் வாய் மூடாத பெண், வாயே திறக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் துக்கப்படுகிறவர் முதலில் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம், பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். "எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவள் முகம் சட்டென்று சிவந்தது. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். எழுந்து போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் வாயிலிருந்து, "அவர் அங்க தனியா இருக்கார்" என்று வந்தது. நான் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை.

"எங்க வழக்கத்துல அடக்கம் ஆகற வரைக்கும் யாரையும் தனியா விட மாட்டோம், ஆன்ட்டி. யாராவது கூடவே உக்காந்திருப்பாங்க" என்றாள். "பெரியவங்கதான் பண்ணுவாங்க. ஆனா இந்த வாரம் ஸ்கூல் லீவு. நாங்க எட்டுப் பேர் இருக்கோம். நான் கேட்டுப் பாக்கறேன்." உடனே ஃபோனை எடுத்துக் குறிக்க ஆரம்பித்துவிட்டாள். அடக் கடவுளே, இதற்கும் ஒரு பட்டியலா என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "நாங்கன்னா எங்க வேதத்துல இருக்கற துதிப்பாட்டு வாசிப்போம். அங்கிளுக்கு என்ன வாசிக்கணும்?" எனக்கு அவளை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. "அவருக்கு சாமியெல்லாம் கிடையாது. கிரிக்கெட் ஸ்கோர் வாசி" என்றேன். எரிச்சலில் சொன்னது. அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

பெரியவர்கள் அவ்வளவு எளிதாகச் சம்மதிக்கவில்லை என்று பிறகு அவள் அம்மா சொல்லித் தெரிந்தது. சங்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர், இது சின்னப் பிள்ளைகள் செய்கிற காரியமில்லை என்றிருக்கிறார். பகலில் மட்டும், கதவுக்கு வெளியே நாற்காலியில், இரண்டிரண்டு பேராக, பெற்றோர் சம்மதத்தோடு என்று அவள் ஒவ்வொன்றாகப் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். ஃப்யூனரல் ஹோம் நிர்வாகி மேல்மாடியிலேயே குடியிருப்பவர். இரவில் தான் இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். வியாழன் காலை அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லிப் போனாள். நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நான் அங்கே போயிருக்கலாம். கார் இருந்தது, அழைத்துப்போக நாலு பேர் இருந்தார்கள். போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அந்த அழைப்பைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிர்வாகி ஃபோனில் பேசினார். மரியாதையான, மெதுவான குரல். "அம்மா, ஒன்று கேட்கலாமா? பிள்ளைகள் நேற்றிலிருந்து ஏதோ பந்து, ஓட்டம் என்று மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். இது உங்கள் மத வழக்கமா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. எங்கோ நடந்துகொண்டிருந்த ஒரு டெஸ்ட் மேட்சின் வர்ணனையைப் பந்து பந்தாக ஃபோனில் பார்த்து உரக்க வாசித்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அலுவலகத்தில் திரையின் மூலையில் திறந்துவைத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பார், அதே மேட்ச்தான். ஃபோனை வைத்தபிறகு அதைக் குப்புறப் போட்டேன். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். இரவு எனக்குத் துணைக்கு இருந்த தமிழ்ப் பெண்ணை நான்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை, தட்டினார்கள். திறந்தால் பிரசிடெண்ட். கோயிலுக்குப் போகும் உடை, நீளப் பாவாடை, மேலே கோட்டு. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, இன்னிக்கு அங்க யாரும் இல்ல" என்றாள்.

அவள் எப்போதும் பேசுகிற வேகத்தில் கொட்டித் தீர்த்தாள். அவர்கள் சங்கத்தின் எல்லா அட்டவணையும் ஒரே அச்சுதானாம். பழைய ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றுவாளாம். அதில் சனிக்கிழமைக்குப் பத்தியே கிடையாது, எப்போதுமே இருந்ததில்லை, ஏனென்றால் சனிக்கிழமை அவர்கள் எந்த வேலையும் வைப்பதில்லை. நேற்று மாலை வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி முடித்த பிறகுதான், நாளைக்கு அங்கே யார் என்று திடீரென்று உறைத்திருக்கிறது. அதற்குமேல் யாரையும் ஃபோனில் கூப்பிட முடியாது, ஒரு வரி எழுத முடியாது. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றாள். "நிர்வாகிக்கு இன்னிக்கு வெளியூர்ல ஒரு அடக்கம் இருக்கு, பத்து மணிக்குக் கட்டடத்தப் பூட்டிட்டுப் போயிடுவார். நேத்தே சொன்னார். நான்தான் கவனிக்கல." சொல்லிவிட்டு நின்றாள். காரை எடுங்கள் என்று அவள் என்னிடம் சொல்ல முடியாது. நிலவரத்தை மட்டும்தான் சொல்ல முடியும். இவர் இருந்திருந்தால் இந்நேரம் செருப்பை மாட்டியிருப்பார். நான் "சரி" என்றேன். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"நான் நடந்து போறேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். பூட்டியிருந்தா வாசல்லயே உக்காந்துக்கறேன். அதுவரைக்கும்தான் தனியா இருப்பார்" என்றாள். திரும்பி, பனி குவிந்த ஓரத்தைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். அவள் போகிற வழி எனக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரமாகத்தான் போக வேண்டும், நடைபாதை கிடையாது, பனியை வேறு வாரிக் குவித்திருப்பார்கள், லாரிகள் பறந்துகொண்டிருக்கும். அப்போது எனக்கு வந்தது சுத்தமான கோபம். புத்திகெட்ட பெண், இவளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? புதன்கிழமைக்குப் பிறகு எனக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அந்தக் கோபம்தான். நைட்டிக்குமேல் கோட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தேன். ஃபோனைத் திருப்பிப் பார்த்தால் நிர்வாகியிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள்.

தெருமுனையில் அவளைப் பிடித்தேன். கண்ணாடியை இறக்கி, "நான் போறேன், நீ வீட்டுக்குப் போ" என்று கத்தினேன். சரி என்று தலையாட்டினாள். ஃப்யூனரல் ஹோம் வாசலில் நிர்வாகி கறுப்புக் கோட்டோடு, சாவியோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். என் நைட்டியைப் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே அழைத்துப்போனார். "உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்கு வந்துவிடுவேன்" என்றார். ஒரு கதவு, அதற்கு முன்னால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. மேஜைமேல் பிள்ளைகள் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். யார் எப்போது இருந்தார்கள், எதுவரை வாசித்தார்கள் என்று மாறி மாறி எழுதியிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்களுக்கு இந்த விளையாட்டு புரியவில்லை. ஒரு வரி விடாமல் வாசித்தோம்." அதன்கீழே இன்னொரு கையெழுத்து: "மழையால் ஐம்பது நிமிடம் ஆட்டம் நின்றது என்று போட்டிருந்தது. நாங்களும் ஐம்பது நிமிடம் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தோம்." மழை என்றால் தாண்டிப் போய்விடலாம் என்று அந்தக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைதான் வரவில்லை.

பதினோரு மணிக்குமேல் யாரோ வாசல் கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். பார்த்தால் பிரசிடெண்ட், முழங்கால்வரை ஈரம். "உனக்கு அறிவிருக்கா? நான்தான் வந்துட்டேனே!" என்று கத்தினேன். "நீங்க வந்தீங்க. மறந்தது நான் இல்லையா, நான் வர வேண்டாமா?" என்றாள். உள்ளே வந்து காலணியைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராகப் போய் அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். பிறந்தநாள் விழாவில் பேசுவதுபோலத் தெளிவான குரலில், "அங்கிள், நான் உங்கள மறந்துட்டேன். ஷீட்ல சனிக்கிழமை போட மறந்துட்டேன். உங்களத் தனியா விட்டது என் தப்பு. என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம்தானாம். பதினாறு வயதுப் பெண், கட்டடம் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் அதற்குச் சரியான வார்த்தை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "உங்களுக்கு அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன்" என்று நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். சுவரில் ஒரு சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஃபோன் வந்தது, கட் பண்ணினேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஐந்து வினாடி. ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. நிர்வாகி வந்தார், நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இருட்டும்வரை அவள் காரில் ஏற முடியாது என்பதால் கட்டடத்தின் வராந்தாவிலேயே இருவரும் காத்திருந்தோம். இருட்டிய பிறகு அவளை ஏற்றிக்கொண்டு வீட்டில் இறக்கிவிட்டேன். வழியில் நாங்கள் பேசியது அவளுடைய காலில் போட வேண்டிய மருந்தைப் பற்றி மட்டும்.

ஞாயிறு தம்பி வந்தார், திங்கள் எல்லாம் முடிந்தது. எட்டுப் பிள்ளைகளும் கடைசி வரிசையில் நின்றார்கள். "யார் இவங்கல்லாம்?" என்று தம்பி கேட்டார். "அண்ணனுக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். காலையில் எழுந்தேன், சமைத்தேன், குப்பைத்தொட்டியைச் செவ்வாய்தோறும் வெளியே வைத்தேன். ஆளில்லாத வீட்டில் ஆள் இருப்பதுபோல் எல்லாம் நடந்தது. வெள்ளி மாலை அவர்கள் வீட்டில் ஏதாவது என்றால் இப்போது என் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவளுடைய தம்பிதான் வருகிறான். நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். அவள் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கூட்டத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளை அவள் கடைசி வருடத்தில் விரட்டவில்லை என்று அவள் அம்மா சொன்னார். வராதவர்கள் வீட்டுக்குப் போய், ஏன் என்று கேட்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம்.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தவள் ஒரு ஞாயிறு காலை என்னைப் பார்க்க வந்தாள். சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்கிற பிள்ளைகளுக்கு அவள் பேச வேண்டுமாம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டாள். "என் தப்பத்தான் சொல்லப்போறேன். உங்களப் பத்தி எது சொல்லக் கூடாதோ, அத விட்டுடறேன்" என்றாள். காப்பி டம்ளரை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொல், எனக்கொன்றுமில்லை என்றேன். பிறகு எப்படி வந்ததென்று தெரியவில்லை. "ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீ கதவ சாத்திட்டுப் போனப்புறம் நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள். "நான் கதவுக்கு வெளியதான உக்காந்திருந்தேன். அஞ்சு மணி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்குமேல் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காப்பியைக் குடித்து முடித்தாள், டம்ளரைத் தானே கழுவி வைத்தாள், போய்ட்டு வரேன் ஆன்ட்டி என்றாள்.

அவள் போனபிறகு சமையலறையில் நின்றேன். மணி பத்தரை இருக்கும். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை, கதவுக்கு வெளியேயும் இல்லை.

"என்னங்க, நீங்க அன்னிக்குக் கூப்பிட்டீங்க. எட்டே காலுக்கு. நான் பாத்தேன். உங்க பேரப் பாத்துட்டேதான் கட் பண்ணேன். மீட்டிங் அப்படி ஒண்ணும் முக்கியமில்ல, எழுந்து வெளிய வந்து எடுத்திருக்கலாம். உங்களத் தனியா விட்டது நான்தான். மன்னிச்சிடுங்க."

ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. சொல்லி முடித்த பிறகு நான் கேட்ட சத்தம் என்னுடையதுதான் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன்.